பிள்ளை அழாமல் இருக்கும்போது

கிலுகிலுப்பையை ஆட்டிக் காட்டிச் சம்பளம் வாங்குகிற தொழில் ஒன்று உலகத்தில் உண்டு. அந்தத் தொழிலில்தான் தேனியில் நான் இத்தனை வருஷமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். படித்த படிப்பின் பெயர் பிசியோதெரபி. வேலை பார்ப்பது ஓர் ஆஸ்பத்திரியின் பச்சைக்குழந்தைப் பிரிவில். பிரசவத்தில் மூச்சுத் திணறிய பிள்ளைகள், அவசரப்பட்டுக் குறைமாதத்தில் வந்த பிள்ளைகள், பிறந்த கையோடு வலிப்பு வந்த பிள்ளைகள் எல்லாரும் பிழைத்து வீட்டுக்குப் போன பிறகு என்னிடம் வருவார்கள். கண் பார்க்கிறதா, காது கேட்கிறதா, கை கால் எப்படி அசைகிறது என்று பார்த்து, மூளை வளர்வதற்குத் தோதாக விளையாட்டுக் காட்ட வேண்டும். போடியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் என் அப்பாவிடம் கல்யாண வீடுகளில் யாராவது, "மக என்ன வேலை பாக்குறாக?" என்று கேட்டால், "சின்னப் பிள்ளைகளோட வேலை" என்று சொல்லிவிட்டுப் பந்திக்கு நழுவிவிடுவார். பாவம், மனிதர் என்னதான் சொல்வார்?

பிள்ளை பெற்றவர்களுக்கும், பெற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து தூக்கத்தைத் தொலைத்தவர்களுக்கும் நான் சொல்லப் போவது சட்டென்று புரியும். நீங்களும் நம்ம கட்சிதான் என்ற நம்பிக்கையில் ஆரம்பிக்கிறேன்.

திராட்சைக்காரரின் சந்தேகம்

ஓடைப்பட்டியிலிருந்து ஒரு திராட்சை விவசாயி, மனைவியோடும் கைப்பிள்ளையோடும் வந்திருந்தார். பிள்ளையின் மூளையில் ஒரு பக்கம் கொஞ்சம் அடிபட்டிருக்கிறது என்று ஸ்கேன் பார்த்த டாக்டர் சொல்லிவிட்டார். மனிதர் அந்த ஸ்கேன் கவரை மார்போடு அணைத்துக்கொண்டு, இடி விழுந்தவர் மாதிரி என் முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் என் வழக்கமான பாட்டைப் பாடினேன். பெரியவர்கள் மூளை கட்டி முடித்த வீடு. பிள்ளை மூளை அப்படி இல்லை, இப்போதுதான் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளை ஒரு முகத்தைப் பார்க்கும்போது, ஒரு குரலைக் கேட்கும்போது, உள்ளே நரம்புக்கு நரம்பு இணைப்பு உண்டாகிறது. ஒரு பாதை அடைபட்டால் பல நேரம் பக்கத்தில் இன்னொரு பாதையைப் போட்டுக்கொள்ளும். இதை நான் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் எனக்கே பிரமிப்பாக இருக்கும். உள்ளங்கையில் அடங்குகிற அந்தத் தலைக்குள் இவ்வளவு வேலை நடக்கிறதா என்று இருக்கும்.

அவர் முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. "வெட்டிக் கவாத்து பண்ண கொடி மாதிரின்னு சொல்லுங்க. ஒரு கண்ணு கருகிப் போனாலும் பக்கத்துக் கண்ணு தளுத்து வரும்ல" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதேதான் அண்ணே, ஆனால் கொடி தானாகத் தளிர்க்காது, கவனிப்பு வேண்டும்; பிள்ளையின் முகத்துக்கு நேராக வந்து பேசுங்கள், சிரியுங்கள், பாடுங்கள், அது ஒரு சத்தம் கொடுத்தால் நீங்கள் பதில் சத்தம் கொடுங்கள், பேச்சுதான் இதற்கு மருந்து என்று மூச்சு விடாமல் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கிளம்பி வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து ரொம்பப் பொறுப்பாகக் கேட்டார்: "எல்லாம் சரிதான் மேடம். அந்தப் பேச்சு மருந்தை எத்தனை நாளைக்கு ஒருக்கா அடிக்கணும்?"

வேப்பமரத்தடி

தேவாரம் ஊர்ப் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர். வயிற்றில் பிள்ளையின் நாடித்துடிப்பு இறங்கிவிட்டது என்று அவசர அவசரமாக ஆபரேஷன் செய்து எடுத்த பிள்ளை. பிள்ளைக்கு இப்போது ஒரு குறையும் இல்லை, கொழுகொழுவென்று இருந்தான். தாய்க்குத்தான் என் அறை வாசலைத் தாண்ட முடியவில்லை. வாசல்வரை சிரித்துக்கொண்டே வருவார். உள்ளே கால் வைத்ததும் முகம் வெளுக்கும், வியர்க்கும், பிள்ளையை யாரிடமாவது கொடுத்துவிட்டு ஓடுவார். மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது. வாசலில் நாங்கள் கை துடைக்கிற மருந்துத் தண்ணீர் பாட்டில் இருக்கிறது. அந்த வாடைதான். ஆபரேஷன் மேஜையில் படுத்து, பிள்ளை இருக்கிறதா போய்விட்டதா என்று யாரும் சொல்லாத அந்த நிமிஷங்களில் அவர் மூக்கில் ஏறிய வாடை. மனசு மறந்தாலும் மூக்கு மறக்கவில்லை.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? நான் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி முற்றத்து வேப்பமரத்தடிக்குப் போய்விட்டேன். டீச்சர் நிம்மதியாக உட்கார்ந்தார். பையன் இலைகளுக்கு நடுவே வெயில் ஆடுவதை வாயைத் திறந்துகொண்டு பார்த்தான். நான் வைத்திருக்கிற எந்த விளையாட்டுச் சாமானையும் அவன் அப்படிப் பார்த்ததில்லை. அந்தத் தாயையும் மகனையும் பார்த்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் வேலையையே மறந்து உட்கார்ந்திருந்தேன். வாட்ச்மேன்தான் வந்து கலைத்தார்: "என்ன மேடம், நோயாளிய உள்ள கொண்டுபோவாக, நீங்க ஆஸ்பத்திரிய வெளிய கொண்டாந்துட்டீக?"

வளைவில் பிறந்தவள்

இனி நான் சொல்ல உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். மேகமலையிலிருந்து கவுசல்யா என்று ஒரு பெண் வந்தாள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். புருஷன் அன்பரசன் அதே மலையில் ஜீப் ஓட்டுகிறவன். கூட அவன் தங்கச்சி செல்வராணி. பிள்ளையின் பெயர் தன்ஷிகா, மூன்று மாதம் முடிந்திருந்தது. பிறந்தபோது மூச்சு இல்லாமல் நீலம் பாரித்து வந்த பிள்ளை. எங்கள் ஆஸ்பத்திரியில் மெஷினில் வைத்துப் பிழைக்கவைத்த பிள்ளை.

பாயில் படுக்கப் போட்டு நான் முகத்தைக் காட்டினேன். ஒரு கணம் பார்த்தாள். சரி, கண் தெரிகிறது. அப்போது கவுசல்யா குனிந்தாள். அம்மாவின் முகம் கிட்டே வந்ததும் பிள்ளை வில்லாக விறைத்து வீறிட்டுக் கத்த ஆரம்பித்தது. அவள் விலகியதும் அடங்கியது. மறுபடி குனிந்தாள், மறுபடி விறைத்தது. அடிபட்ட மூளை கை காலை விறைக்க வைக்கும், அதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெற்ற தாயின் முகத்துக்கு மட்டும் விறைப்பதை நான் பார்த்ததே இல்லை.

பிரசவம் எப்படி ஆனது என்று கேட்டேன். அன்பரசன்தான் சொன்னான். வலி முன்கூட்டியே வந்துவிட்டது. தன் ஜீப்பிலேயே மனைவியையும் தங்கச்சியையும் பின்னால் ஏற்றிக்கொண்டு சின்னமனூருக்கு இறங்கியிருக்கிறான். பாதி வழியில் யானை ரோட்டை மறித்து நின்றுவிட்டது. அது விலகி வண்டி நகர்ந்தபோது பின்னால் பிள்ளை பிறந்துவிட்டது. அழுகைச் சத்தம் வரவில்லை. செல்வராணி உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டிப் பார்த்திருக்கிறாள். பிள்ளை விட்டு விட்டு ஒரு மூச்சு இழுத்திருக்கிறது, அவ்வளவுதான். கவுசல்யாவுக்கு ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்திருக்கிறது. "பின்னாடி என்ன நடக்குதுன்னு தெரியல மேடம். அழுக சத்தம் வந்துருமா வந்துருமான்னு காதைத் தீட்டிக்கிட்டே ஓட்டுறேன். பூராவும் வளைவு. ஸ்டியரிங்க விட்டுட்டுத் திரும்பிப் பாத்தா நாலு பேரும் பள்ளத்துல. என் பிள்ள மூஞ்சிய நான் கண்ணாடில கூடப் பாக்கல மேடம்."

சிவந்த உள்ளங்கால்

அடுத்த தடவை வந்தபோது கவுசல்யாவை மட்டும் பிள்ளையோடு இருக்கச் சொல்லிவிட்டு, நான் மூலையில் ஏதோ சாமானைத் தேடுகிற மாதிரி நின்று கவனித்தேன். பிள்ளை வயிறு நிறையப் பால் குடித்துவிட்டு மடியில் கிடந்தது. தூக்கமும் இல்லை, அழுகையும் இல்லை. கண்ணை அகலத் திறந்து சுற்றிலும் பார்க்கிறது. இந்த நேரத்துக்காகத்தான் நாங்கள் தவம் கிடப்போம். பச்சைப்பிள்ளை உலகத்தைப் படிக்கிற நேரம் அதுதான். பசி இல்லை, வலி இல்லை, மூளை முழுக்கத் திறந்திருக்கிறது. அம்மா முகம், அம்மா குரல் எல்லாம் உள்ளே இறங்குகிற நேரம். அது ஒரு நாளில் கொஞ்ச நேரம்தான் வரும்.

கவுசல்யாவின் கை பிள்ளையின் காலுக்குப் போனது. ஆள்காட்டி விரலை மடக்கி உள்ளங்காலில் பட்டென்று ஒரு சுண்டு. பிள்ளை வீறிட்டது. கவுசல்யாவுக்குப் பெருமூச்சு வந்தது. தோளில் போட்டுத் தட்டினாள். பிள்ளை அடங்கி, மறுபடி கண்ணைத் திறந்து பார்க்க ஆரம்பித்தது. மறுபடி பட்டென்று ஒரு சுண்டு. நான் பாய்ந்து போய்ப் பிள்ளையின் சாக்ஸைக் கழற்றினேன். இரண்டு உள்ளங்காலும் சிவந்து கிடந்தன.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று என் கூட வேலை செய்பவர்கள் சொல்வார்கள். அன்றைக்கு அது வரவில்லை. அவள் கண்ணில் இருந்தது கொடுமைக்காரியின் பார்வை இல்லை. அவள் இன்னும் அந்த ஜீப்பின் பின்சீட்டில்தான் கிடக்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஏனம்மா சுண்டுகிறாய் என்று மட்டும் கேட்டேன். அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது: "சத்தம் இல்லன்னா போயிட்டாளோன்னு எனக்கு நெஞ்சு அடைக்குதுக்கா. அழுதாத்தான் இருக்கான்னு தெரியுது."

ஊர் சொன்ன வைத்தியம்

"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்று நம் ஊரில் சொல்லாதவர்கள் இல்லை. பழமொழி சொன்னவர்கள் அழாத பிள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். பிள்ளைக்கு அமைதி வருகிற போதெல்லாம் ஒரு சுண்டு விழுகிறது, அதோடு சேர்ந்து அம்மாவின் முகமும் தெரிகிறது. அந்தச் சின்ன மூளை கணக்குப் போட்டுவிட்டது: இந்த முகம் வந்தால் வலி வரும். தப்பான பாடம்தான். ஆனாலும் மூன்று மாதத்துப் பிள்ளை அதைக் கவனித்து, ஞாபகம் வைத்து, முன்கூட்டியே விறைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தது என்பதை நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மூளையில் அடிபட்ட பிள்ளை என்று யார் சொன்னது? இதைக் கற்றுக்கொண்ட மூளை இன்னொன்றையும் கற்றுக்கொள்ளும்.

ஆனால் தாய்க்கு யார் கற்றுக்கொடுப்பது? தோட்டத்து லைன் வீடுகளில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்லியிருந்தார்கள். யானையைப் பார்த்துப் பயந்த கோளாறு, மந்திரித்துப் பிள்ளைக்குக் கயிறு கட்டு என்றார்கள். கட்டியிருந்தார்கள். கயிறு இறுக்காமல் இருக்கிறதா என்று மட்டும் நான் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டேன். மற்றபடி எனக்கும் கயிற்றுக்கும் சண்டை இல்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் அம்மா ஒருவர் இருக்கிறார், அவரைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றேன். செல்வராணி சண்டைக்கு வந்துவிட்டாள். "எங்க மதினிக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" கிறுக்கு இல்லை தாயே, பிரசவத்தில் செத்துப் பிழைத்த பெண்களுக்கு உடம்பு ஆறின பிறகும் பயம் ஆறாமல் நின்றுவிடும், காலில் அடிபட்டால் கட்டுப் போடுகிறோமே அப்படித்தான் இதுவும் என்று கெஞ்சிக் கூத்தாடி அனுப்பி வைத்தேன். செல்வராணி காவலுக்குப் போகிற மாதிரி கூடவே போனாள்.

ரொம்ப நேரம் கழித்து இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். இரண்டு பேர் முகமும் வீங்கியிருந்தது. ஜீப்பில் நடந்ததை முதல் முறையாக ஒருத்தி சொல்ல இன்னொருத்தி கேட்டிருக்கிறாள். சுண்டிச் சுண்டிக் கை ஓய்ந்துபோனவள் செல்வராணி. அவள் சுண்டுவதைப் பார்த்துக்கொண்டே மயங்கியவள் கவுசல்யா. ஒரே வீட்டில் இருந்தும் அதுவரைக்கும் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லையாம். மருந்தும், வாராவாரம் வரச் சொன்ன சீட்டும் கையில் இருந்தன. கவுசல்யா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பிள்ள எப்படி இருக்குன்னு ஊரே கேட்டுச்சு. ஒனக்கு என்னத்தா ஆச்சுன்னு இந்த டாக்டரம்மாதான்க்கா மொதல்ல கேட்டாக."

பானெட் வைத்தியம்

பயம் ஒரே நாளில் போய்விடுமா? விரல் சுண்டத்தான் செய்தது. முன்னைவிடக் குறைவு, அவ்வளவுதான். பிள்ளையை வெறும் மார்பில் தோலோடு தோலாகப் போட்டு அணைத்துக்கொள், மூச்சு ஏறி இறங்குவது உனக்கே தெரியும் என்று நான் சொல்லிக்கொடுத்தேன். படிப்பில் வருகிற நல்ல வைத்தியம். கவுசல்யா ஒரே கேள்வியில் அதை முடித்துவிட்டாள். "முன்னால ஒரு ரூமு, பின்னால அடுப்படி. மாமாவும் கொழுந்தனும் அங்கனதான் இருப்பாக. நான் எங்கன போயிச் சேலைய வெலக்குவேன்?"

அன்பரசன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஒரு புதுக் கார் பக்கத்தில் பொண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போய் நிற்கிறான். கார்க்காரர் ஏசியைப் போட்டுக்கொண்டு உள்ளே யாருக்கோ காத்திருந்தார். இவன் கவுசல்யாவின் கையைப் பிடித்துக் காரின் பானெட் மேல் வைத்தான். கார்க்காரர் பதறிக் கண்ணாடியை இறக்கி, "யோவ், என்னய்யா பண்றீங்க?" என்று கத்தினார். "ஒண்ணும் பண்ணலண்ணே, ஒரு நிமிசம்" என்று அவரைக் கையமர்த்திவிட்டு மனைவியிடம் பேசினான். நம்ம ஜீப்பு ஓடினால் ஊருக்கே கேட்கும். இது புது எஞ்சின், சத்தமே வராது. அதற்காக நின்றுபோய்விட்டது என்று அர்த்தமா, கையில் அதிர்வு தெரிகிறதா இல்லையா என்று கேட்டான். கவுசல்யா கையை எடுக்காமல் நின்றாள். கார்க்காரர் என்ன நினைத்தாரோ, அதட்டுவதை விட்டுவிட்டு எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். அன்பரசன் தோளில் கிடந்த மகளைக் கையில் ஏந்தி, மனைவியின் அதே கையை எடுத்துப் பிள்ளையின் வயிற்றின் மேல் வைத்தான். "இதுவும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு புள்ள. சந்தேகம் வந்தாக் காலைச் சுண்டாத, கைய வச்சுப் பாரு."

அழாமல் ஒரு சத்தம்

அதற்குப் பிறகு இரண்டு மூன்று தடவை வந்தார்கள். விரல் காலுக்குப் போகும், பாதி வழியில் நிற்கும், திரும்பி வயிற்றுக்கு வரும். அந்தப் பாதி வழியில் அவள் நெற்றியில் வியர்வை பூப்பதை நான் பார்த்திருக்கிறேன். மலையில் கூடை சுமப்பது பெரிய காரியமா இது பெரிய காரியமா என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். பிள்ளையின் உள்ளங்கால் பழைய நிறத்துக்கு வந்திருந்தது. அம்மா முகத்துக்கு விறைப்பது நின்றிருந்தது. ஆனால் அம்மாவைப் பார்க்கவும் மாட்டாள். சுவரைப் பார்ப்பாள், ஃபேனைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள். ஒரே ஒரு தடவை கவுசல்யா, "என்னைய மன்னிக்க மாட்டாளாக்கா?" என்று கேட்டாள். பிள்ளைகளுக்கு அந்த வேலையெல்லாம் தெரியாது, நீ கையை வைத்துக்கொண்டு உட்காரு என்றேன். சொல்லிவிட்டேனே தவிர எனக்கும் நிச்சயம் இல்லை.

அன்றைக்கு மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டிருந்தது. பிள்ளை மடியில் கிடந்தது. கவுசல்யாவின் கை வயிற்றில். அறையில் சத்தமே இல்லை. பிள்ளையின் கண் ஃபேனிலிருந்து இறங்கியது. அம்மாவின் நெற்றிப் பொட்டில் வந்து நின்றது. அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணுக்கு வந்தது. நின்றுவிட்டது. கவுசல்யா அசையவில்லை. பிள்ளை அந்த முகத்தை அப்படியே குடிக்கிற மாதிரி பார்த்தது. புருவம் சுருங்கியது, வாய் குவிந்தது, நாக்கு நுனி வெளியே வந்தது. பெரிய வேலை ஒன்றைச் செய்யப் போகிற ஆள் மாதிரி உடம்பையெல்லாம் கூட்டிச் சேர்த்து "ங்க்கூ" என்றது.

எத்தனையோ பிள்ளைகளிடம் கேட்ட சத்தம்தான் அது. அன்றைக்கு எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பிறந்தபோது மூச்சில்லாததால் விறைத்துப்போயிருந்த பிள்ளையின் வலது கை அப்போதும் மூடிய முஷ்டியாகத்தான் இருந்தது. நடப்பாளா, எப்போது நடப்பாள் என்று அன்பரசன் ஒவ்வொரு தடவையும் கேட்பான். தெரியாது, வேலை செய்வோம் என்றுதான் நானும் சொல்வேன். அன்றைக்கும் அதற்குப் பதில் கிடைத்துவிடவில்லை. கவுசல்யா வேறு எதையும் கேட்கவில்லை. கோயிலில் பேசுகிற மாதிரி ரகசியக் குரலில் சொன்னாள்: "அக்கா, அழுகாமச் சத்தம் போடுறா!"

சிக்னல் கிடைக்கிற வளைவு

பிறகு மழை பிடித்துக்கொண்டது. மேகமலை ரோட்டில் மண் சரிந்துவிட்டது, வண்டி இறங்காது என்று தகவல் வந்தது. அடுத்த முறை வரவில்லை. அதற்கடுத்த முறையும் வரவில்லை. போன் செய்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே. பழைய பயம் திரும்பி வருவதற்கு மழையும் மண்சரிவும் தோதான நேரம் என்று எனக்குத் தெரியும். மறுபடி சுண்ட ஆரம்பித்திருப்பாளோ? அறையில் எந்தப் பிள்ளை அழுதாலும் எனக்கு அந்த ஞாபகம்தான்.

ஒரு நாள் மத்தியானம் வீடியோவில் கூப்பிட்டார்கள். மலையில் ஒரே ஒரு வளைவில்தான் சிக்னல் கிடைக்குமாம். அங்கே ஜீப்பை நிறுத்தியிருக்கிறார்கள். பின்சீட்டில் கவுசல்யா, மடியில் தன்ஷிகா. ஆமாம், அதே ஜீப், அதே பின்சீட்டு. அவள் அதில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள் என்பதே எனக்குப் பெரிய செய்தி. குப்புற விழுகிறாள் அக்கா என்றாள். வலது கையைப் பாருங்கள் என்று காட்டினாள். முஷ்டி பாதி திறந்து அம்மாவின் தாலிக்கயிற்றைப் பிடித்திருந்தது. நான் சீட்டை விட்டு எழுந்தே நின்றுவிட்டேன். இன்னும் கிட்டே காட்டு என்றேன். போனைப் பிள்ளையின் முகத்துக்குக் கொண்டுபோனாள்.

அப்போது எல்லாம் நின்றது. பிள்ளையின் முகம் திரை நிறைய இருக்கிறது. கண் பாதி மூடியிருக்கிறது, வாய் லேசாகத் திறந்திருக்கிறது. அசைவு இல்லை, சத்தம் இல்லை. வானம் இருட்டியிருந்ததால் முகம் வேறு நீலமாகத் தெரிந்தது. ஒரு நொடி, இரண்டு நொடி. எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. அமைதிதான் பிள்ளை படிக்கிற நேரம் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுகிற நான், அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி போனுக்குள் கத்தினேன்: "கவுசல்யா! பிள்ளை ஏன் அசையல? காலைத் தட்டு! உள்ளங்காலைத் தட்டிப் பாரு!"

படம் அப்படியே நின்றது. குரல் மட்டும் திரும்பி வந்தது. மழைக்காற்றுக்கு நடுவில், கொஞ்சமும் பதற்றம் இல்லாமல், பயந்த பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிற குரலில் அவள் என்னிடம் பேசினாள்: "சிக்னல்தான்க்கா போயிருக்கு. பிள்ள இங்கன என்னையவே பாத்துக்கிட்டிருக்கா. கைய வச்சிருக்கேன், நீங்க பயப்படாதீக."

சும்மா இருக்கிற பிள்ளையைப் பார்த்துச் சும்மா இருக்கத் தெரிவதுதான் எங்கள் படிப்பின் கடைசிப் பரீட்சை என்றால், மேகமலைக்காரி முதல் வகுப்பில் தேறிவிட்டாள், சொல்லிக்கொடுத்த நான்தான் இன்னும் அரியர் வைத்திருக்கிறேன்.